ஹூக்ளிக் கரையில் ஒரு ஸ்காட்லாந்துக் கிராமம்

பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தின் கூம்புக் கோபுரங்களுக்கு நடுவே சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவர் தமிழர்களுக்கு நெருங்கியவர்: காலின் மெக்கன்சி. தென்னாட்டில் ஊர் ஊராக ஆளனுப்பிக் கைபீதுகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஏடுகளையும் சேர்த்துவைத்த படைவீரர். மெக்கன்சி சுவடிகள் என்று சென்னையில் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுவது அவர் திரட்டிய செல்வத்தின் ஒரு பங்குதான். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாகிக் கொல்கத்தாவுக்கு மாறிவந்து 1821-ல் இறந்தார். அவரை ஆங்கிலேயர் என்று எழுதுவது நம் வழக்கம். அவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கோடியில், லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற மீன்பிடித் துறையில்.

'ஆங்கிலேயர் கட்டிய நகரம்' என்று கொல்கத்தாவைச் சொல்லும்போதும் இதே பிசகு நேர்கிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் திபெத்துக்குத் தூதனுப்பிய ஜார்ஜ் போகல், கிளாஸ்கோ பக்கத்துக்காரர். கவர்னர் ஜெனரல்களில் மின்டோ ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தவர். டல்ஹவுசியின் பூர்வீகக் கோட்டை எடின்பரோவுக்கு அருகே இருக்கிறது. 1707-ல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த பெரிய லாபம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கதவு திறந்ததுதான். ஹென்றி டண்டாஸ் என்ற எடின்பரோ வக்கீல் லண்டனில் இந்திய விவகாரங்களின் கடிவாளத்தைப் பிடித்ததும் அந்தக் கதவு அகலத் திறந்தது. ஊரில் ஓட்டு வேண்டும் என்றால் அந்தக் குடும்பத்தின் இளைய பையனுக்கு வங்காளத்தில் ஒரு எழுத்தர் வேலை. டண்டாஸ் இதை ஒரு கலையாகவே செய்தார்.

வேலைக்கு வந்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்தப் பகுதியில் நான் பேச விரும்புவது அவர்கள் கூடவே சுமந்துவந்த கிராமத்தை.

ஒரு ஸ்காட்லாந்துக் கிராமத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. கிர்க் என்று அவர்கள் சொல்லும் தேவாலயம், பள்ளிக்கூடம், கிர்க்கை ஒட்டிய இடுகாடு. நம் கிராமத்துக்குக் கோயிலும் குளமும் மந்தையும் எப்படியோ அப்படி. 1560-ல் போப்பை உதறிய அந்த நாடு, பின்னால் பிஷப்புகளையும் உதறிவிட்டது. கிர்க்கை நடத்தியது ஒரு போதகரும் ஊர்ப் பெரியவர்கள் கூடிய ஒரு சபையும். ஏழைக்குப் படியளப்பதிலிருந்து ஓய்வுநாளில் குடித்துவிட்டுக் கூத்தடித்தவனை விசாரிப்பது வரை எல்லாம் அந்தச் சபையின் வேலை. பைபிளைத் தானே வாசிக்கத் தெரியாதவன் நல்ல கிறிஸ்தவன் ஆக முடியாது என்பது அவர்கள் கட்சி. ஆகவே திருச்சபை வட்டாரத்துக்கு ஒரு பள்ளி இருக்க வேண்டும், அதன் ஆசிரியருக்கு நிலக்காரர்கள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1696-ல் சட்டமே போட்டார்கள். அதே 1696-ல்தான் ஹூக்ளிக் கரையில் கம்பெனி தன் கோட்டைக்கு மண் வெட்டத் தொடங்கியிருந்தது. கம்பெனியின் கணக்கு மேசைகளில் பின்னாளில் அத்தனை ஸ்காட்லாந்துக்காரர்கள் உட்கார்ந்ததற்கு டண்டாஸின் சிபாரிசு பாதிக் காரணம் என்றால், இந்தச் சட்டம் மீதிக் காரணம். பட்டிக்காட்டுப் பையனுக்கும் எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்ட கிராமங்களில் ஒன்று மூலின். பெர்த்ஷயர் மலைநாட்டின் வாசலில், இன்று சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் பிட்லோக்ரிக்கு ஒரு மைல் மேலே இருக்கிறது. ஊருக்குக் கீழே வயலில் சிதைந்து நிற்கும் கற்சுவர்கள் 'கருங்கோட்டை'யின் மிச்சம். 14-ம் நூற்றாண்டில் கட்டியபோது சுற்றிலும் ஏரி இருந்தது. ஏரியை வடித்து வயலாக்கிவிட்டார்கள். கோட்டைக்குள் கொள்ளைநோய் புகுந்ததால் அதைக் கைவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. கிர்க் இருக்கும் இடத்தில் மிகப் பழங்காலத்திலிருந்தே வழிபாடு நடந்திருக்கிறது. கட்டடம் 19-ம் நூற்றாண்டினது. தீப்பிடித்து மறுபடி எழுப்பியது. எதிரே 1695-ல் தொடங்கிய சத்திரம் இன்னும் பீர் விற்கிறது. கம்பெனிக்காக ஜாப் சார்னாக் கொல்கத்தாவின் சுதானுட்டியில் இறங்கி அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது! ஒருகாலத்தில் மூலின்தான் பெரிய ஊர், பிட்லோக்ரி வெறும் குடிசைகள். ஜெனரல் வேட் 1720களின் இறுதியில் போட்ட ராணுவச் சாலை மேட்டில் இருந்த மூலினை விட்டுவிட்டுப் பள்ளத்தோடு போயிற்று. 1863-ல் ரயிலும் அதே வழியில் வந்தது. மூலின் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881 கோடையில் இங்கே ஒரு குடிலில் தங்கிப் பேய்க்கதை எழுதினார். ஊருக்கு அதில் பெருமை உண்டு.

எனக்கு மூலினில் முக்கியமானது வேறு. 1806 ஏப்ரலில் இந்த வட்டாரத்தின் ஒரு பண்ணையில் அலெக்சாண்டர் டஃப் என்ற பையன் பிறந்தான். வீட்டில் பேசியது கேலிக். ஆங்கிலம் பள்ளிக்கூடத்துப் பாஷை. அவன் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மூலின் கிர்க்கில் ஒரு பக்தி எழுச்சி நடந்து ஊரே ஜெபமும் கண்ணீருமாகக் கிடந்தது. டஃபின் பெற்றோர் அதில் தோய்ந்தவர்கள். டுகால்ட் புக்கனன் என்ற கேலிக் கவிஞர் இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிப் பாடிய நெடும்பாட்டைக் கேட்டுக் கேட்டு, கனவிலும் தீர்ப்பு நாளைக் கண்டு பயந்த பையன் அவன். அவனிடம் திரும்பி வருவோம். அவனுக்கு முன்னால் கிர்க் கொல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அதுவும் சண்டையோடு வந்தது.

கம்பெனியின் சாசனம் 1813-ல் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியாவுக்கு ஒரு ஆங்கிலிகன் பிஷப்பும், ஒவ்வொரு ராஜதானிக்கும் ஸ்காட்லாந்துச் சபையின் போதகர் ஒருவரும் அனுமதிக்கப்பட்டார்கள். பிஷப் தாமஸ் மிடில்டனும் போதகர் ஜேம்ஸ் பிரைஸும் 1814 நவம்பரில் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள். கப்பலின் பெயர் வாரன் ஹேஸ்டிங்ஸ். மாதக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் கரையில் கால் வைத்ததும் ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள்.

பிரைஸின் வாதம் எளிமையானது. ஸ்காட்லாந்தில் எங்கள் சபைதான் அரசு அங்கீகரித்த சபை. இங்கிலாந்தில் உங்களுக்கு என்ன மரியாதையோ அது இங்கே எங்களுக்கும் வேண்டும். நிலம் கிடைத்தது. சாதாரண நிலம் அல்ல. இன்றைய பி.பா.தி. பாக், அதாவது பழைய டல்ஹவுசி சதுக்கம், அதன் வடகிழக்கு மூலை, ரைட்டர்ஸ் கட்டடத்துக்கு அடுத்த இடம். மகாராஜா நந்தகுமாரை 1775-ல் விசாரித்துத் தூக்குத்தண்டனை விதித்த பழைய கோர்ட் ஹவுஸ் நின்ற மனை அது. கோர்ட்டை 1792-ல் இடித்த பிறகு மனை காலியாக இருந்தது. 1815 நவம்பர் 30, ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் திருநாளன்று, அங்கே அடிக்கல் நாட்டினார்கள். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மனைவி லௌடன் சீமாட்டி ஸ்காட்லாந்துக்காரி என்பது பிரைஸுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அரண்மனையிலேயே ஆள் இருந்தது.

கோபுரத்தில்தான் வம்பு வந்தது. ஊசிக்கோபுரம் ஆங்கிலிகன் தேவாலயத்துக்கே உரியது, மற்றவர் வைக்கக்கூடாது என்று பிஷப் தரப்பு முறையிட்டது. விடுவாரா பிரைஸ்? பிஷப்பின் செயின்ட் ஜான் தேவாலயத்தைவிட உயரமாகக் கட்டுவேன், உச்சியில் ஒரு சேவலை வைப்பேன், அது பிஷப்பின் தலைக்கு மேல் நின்று கூவட்டும் என்று சபதம் செய்தாராம். அரசு அனுமதித்தது. கோபுரம் எழுந்தது. சேவலும் ஏறியது. பிஷப்பைச் சமாதானப்படுத்த, கட்டடத்தில் எதைப் பழுதுபார்த்தாலும் சேவலை மட்டும் அரசுச் செலவில் பழுதுபார்க்கக்கூடாது என்று உத்தரவானதாகக் கொல்கத்தாவின் பழைய கதைசொல்லிகள் சேர்த்துச் சொல்வார்கள். சபதத்தையும் உத்தரவையும் கதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சேவல் மட்டும் நிஜம். தேவாலயம் 1818 மார்ச் 8-ல் திறந்தது.

இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் மூலின் கிர்க்கின் நினைவு யாருக்கும் வராது. டோரிக் தூண்கள், முக்கோண முகப்பு, மேலே கூரிய கோபுரம் எல்லாமாக லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைப் பார்த்துச் செய்தது. பிஷப்பின் செயின்ட் ஜானும் அதே செயின்ட் மார்ட்டினைப் பார்த்துச் செய்ததுதான். செயின்ட் மார்ட்டினைக் கட்டிய ஜேம்ஸ் கிப்ஸோ அபெர்டீன்காரர், ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கர். இரண்டு பேரும் கடன் வாங்கியது மூன்றாவது சபைக்காரரிடம்! சென்னைவாசிகள் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கை நினைத்துக்கொள்ளலாம். இதே சாசனத்தால் இதே ஆண்டுகளில் எழுந்து 1821-ல் திறந்தது. கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் வட்ட மண்டபம் எழுப்பிய அந்தக் கட்டடம், என் கணக்கில் கொல்கத்தா அண்ணனைவிட அழகு.

கோபுரத்தில் வென்ற பிரைஸுக்கு வேறு கவலைகள் இருந்தன. ஸ்காட்லாந்துப் போதகர் இந்தியாவில் நடத்திவைக்கும் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்தை 1818-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. பிரைஸின் கையும் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை நடத்தினார். 1823-ல் அரசாங்கத்துக்குக் காகிதமும் பேனாவும் அரக்கும் வாங்கும் ஸ்டேஷனரி கமிட்டியின் எழுத்தர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். ஞாயிறு பிரசங்கம், திங்கள் மைக்கூட்டுக் கணக்கு. 'கல்கத்தா ஜர்னல்' ஆசிரியர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம் இதைக் கேலி செய்து எழுதினார். தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆடம், பக்கிங்ஹாமை நாட்டைவிட்டே வெளியேற்றினார். அதோடு நில்லாமல் பத்திரிகைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று ஒரு சட்டமும் கொண்டுவந்தார். அதை எதிர்த்து மனுப் போட்டவர்களின் முன்னணியில் நின்றவர் ராம்மோகன் ராய். மனு தள்ளுபடியானதும் தாம் நடத்திய 'மிராத் உல் அக்பர்' பாரசீக வாரப் பத்திரிகையை நிறுத்திவிட்டார். இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரப் போராட்டத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு போதகரின் மைக்கூடு கிடக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், இதே ராம்மோகன் பிரைஸின் கிர்க்குக்கு வந்து பிரசங்கம் கேட்டவர். ஸ்காட்லாந்துச் சபை இங்கே ஒரு பள்ளி தொடங்க வேண்டும் என்று பிரைஸ் ஊருக்கு எழுதியபோது அதை ஆதரித்தவர். கிராமத்தின் இரண்டாவது உறுப்பு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அதற்கு முன்பே இரண்டு வாத்தியார்கள் சபையின் உதவி இல்லாமல் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபைஃப் பகுதியிலிருந்து வந்த டேவிட் டிரம்மண்ட் தர்மதலாவில் ஒரு பள்ளி நடத்தினார். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கலப்பினப் பிள்ளைகளும் வங்காளிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளி அது. மதத்தைச் சந்தேகிக்கிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர். அவருடைய மாணவன் ஹென்றி டெரோசியோ. 'இளம் வங்காளம்' என்ற கலகக் கூட்டத்தை உருவாக்கி 22 வயதில் செத்துப்போன அந்தக் கவிஞனுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் டிரம்மண்ட். இன்னொருவர் டேவிட் ஹேர். கொல்கத்தா அவரை ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் என்றே அழைத்தது. 1800-ல் வந்து, கடிகாரத் தொழிலில் சேர்த்த பணத்தைப் பள்ளிகளில் கரைத்தவர். 1817-ல் இந்து கல்லூரி பிறந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1842 ஜூன் 1-ல் காலராவில் இறந்தார். மதநம்பிக்கை இல்லாதவர் என்பதால் கிறிஸ்தவ இடுகாடு அவருக்கு இடம் தரவில்லை. கல்லூரிச் சதுக்கத்தில், அவர் வளர்த்த பள்ளிகளின் நடுவே புதைத்தார்கள். கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கான வங்காளிகள் பின்னால் நடந்தார்கள்.

இப்போது மூலின் பையன். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சால்மர்ஸிடம் படித்து, ஸ்காட்லாந்துச் சபை இந்தியாவுக்கு அனுப்பிய முதல் மிஷனரியாக 1829-ல் கப்பலேறினான். இனி 'ஏறினார்' என்று எழுதுவதுதான் முறை. 1830 பிப்ரவரியில் அவர் ஏறிய 'லேடி ஹாலண்ட்' தென்னாப்பிரிக்கக் கரையோரம் டாசன் தீவில் மோதி உடைந்தது. உயிர்கள் தப்பின. டஃப் கொண்டுவந்த 800 புத்தகங்கள் கடலோடு போயின. கரையொதுங்கியது ஒரு பைபிளும் சங்கீதப் புத்தகமும்தான். அடுத்த கப்பல் 'மொய்ரா' ஹூக்ளி முகத்துவாரத்தில் புயலில் சிக்கிச் சாகர் தீவருகே தரைதட்டியது. இரண்டு முறை உடைந்த கப்பலில் வந்தவனுக்குக் கடவுள் ஏதோ வைத்திருக்கிறார் என்று கொல்கத்தாவில் பேசிக்கொண்டார்கள். 1830 மே கடைசியில் ஊர் வந்து சேர்ந்தபோது டஃபுக்கு வயது 24.

செராம்பூரில் கிழவர் வில்லியம் கேரியைப் போய்ப் பார்த்தார். மற்ற மிஷனரிகள் எல்லாம் வேண்டாம் என்று சொன்ன திட்டத்தைக் கேரி மட்டும் சரி என்றார். திட்டம் இதுதான்: தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்வதில்லை. மேல்சாதி வங்காளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில், பைபிளும் விஞ்ஞானமும் தத்துவமும் சேர்ந்த முழுக்கல்வி. ராம்மோகன் சித்பூர் சாலையில் ஃபிரிங்கி கமல் போஸ் வீட்டுக் கூடத்தைப் பிடித்துக்கொடுத்தார். அவருடைய பிரம்ம சபை தனக்கென்று கட்டடம் கட்டிக்கொண்டு போகும்வரை கூடிவந்த வீடு அது. ஐந்து மாணவர்களையும் அவரே கூட்டிவந்தார். 1830 ஜூலை 13-ல் பள்ளி திறந்தது. பைபிளைக் கையில் கொடுத்ததும் பையன்கள் முறைத்தார்கள். ராம்மோகன் எழுந்து சமாதானம் சொன்னார். நான் பைபிளை முழுக்கப் படித்திருக்கிறேன், கிறிஸ்தவன் ஆகவில்லை; குர்ஆனைப் படித்திருக்கிறேன், முஸ்லிம் ஆகவில்லை; படியுங்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். சில நாளில் இடம் கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் வாசலில் நின்றார்கள். டஃப் தாமே ஆங்கில அகரவரிசையிலிருந்து தொடங்கிக் கற்பித்தார்.

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. டஃப் வளர்ந்த மலைநாட்டில் கேலிக் மொழியை ஆங்கிலப் பள்ளி ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. தாய்மொழியில் கவிதையும் கடவுளும் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர் சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் எதிராக ஆங்கிலத்துக்கு வரிந்துகட்டியது எப்படி? துரோகம் என்று சொல்லமாட்டேன். தான் ஏறிவந்த ஏணியைத் தவிர வேறு ஏணி அவருக்குத் தெரியாது. மூலினிலிருந்து வெளியேறும் வழி ஆங்கிலமாக இருந்தது. சித்பூரிலிருந்து வெளியேறும் வழியும் அதுதான் என்று முழுமனதோடு நம்பினார். 1835-ல் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஆங்கிலக் கல்விக்கு அரசுப் பணத்தைத் திருப்பியபோது, முன்னோடி மாதிரியாக டஃபின் பள்ளி கண்ணெதிரே இருந்தது.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலர் யார் யார் என்பதுதான் ஊரைக் கலக்கியது. டெரோசியோவின் கூட்டாளி கிருஷ்ண மோகன் பானர்ஜி 1832-ல் கிறிஸ்தவரானார். 1845-ல் உமேஷ் சந்திர சர்க்கார் என்ற மாணவர் மனைவியோடு மதம் மாறியதும் நகரம் பொங்கியது. எலியும் பூனையுமாக இருந்த பிரம்ம சமாஜத் தேவேந்திரநாத் தாகூரும் சனாதனி ராதாகாந்த தேவும் ஒரே மேடையேறி, இந்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். பெற்றோர்களோ சாமர்த்தியசாலிகள். பிள்ளையை டஃபிடமே அனுப்பி ஆங்கிலத்தை வாங்கிக்கொண்டார்கள், பைபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டஃப் திறந்த கடையில் கொல்கத்தா தனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிச் சென்றது என்பதுதான் என் வாசிப்பு.

டஃபின் மாணவர்களில் எனக்குப் பிடித்தவர் லால் பிகாரி தே. பர்த்வான் அருகே ஒரு சிற்றூரிலிருந்து ஏழைத் தகப்பனோடு கொல்கத்தாவுக்கு வந்த பையன். டஃபின் பள்ளி சம்பளம் கேட்காத பள்ளி, ஆகவே அங்கே சேர்ந்தார். 1843-ல் கிறிஸ்தவரானார். பின்னாளில் போதகராகவும் பேராசிரியராகவும் இருந்தார். உத்தர்பாராவின் ஜமீன்தார் ஜெய்கிருஷ்ண முகர்ஜி, வங்காள உழவர்களின் வாழ்வைச் சொல்லும் சிறந்த நாவலுக்கு 500 ரூபாய் பரிசு அறிவித்தபோது அதை வென்றது 1874-ல் வெளிவந்த லால் பிகாரியின் 'கோவிந்த சாமந்தா'. சார்லஸ் டார்வின் படித்து மகிழ்ந்து பதிப்பாளருக்கு எழுதினார். 1883-ல் வங்காள நாட்டுப்புறக் கதைகளையும் தொகுத்தார். கிராமத்தை விட்டு வந்தவர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில், கிராமத்தை விட்டு வந்த இன்னொருவர் தன் கிராமத்தை எழுதி வைத்தார். தன் ஆசிரியரைப் பற்றியும் ஒரு நினைவுநூல் எழுதினார்.

பள்ளி நன்றாக வளர்ந்து, ஹேதுவா குளக்கரையில் தூண் வைத்த கட்டடத்துக்குக் குடிபோயிற்று. அப்போது ஊரில் இடி விழுந்தது. 1843 மே 18, எடின்பரோ. போதகரை நியமிப்பது நிலக்காரரா சபையாரா என்ற பழைய வழக்கு முற்றி, ஸ்காட்லாந்துச் சபையின் போதகர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறிச் சுதந்திரச் சபை கண்டார்கள். ஸ்காட்லாந்து நெடுகப் பழைய கிர்க்குக்குப் போட்டியாகப் புதுக் கிர்க்குகள் முளைத்தன. கொல்கத்தாவிலோ டஃபும் சக மிஷனரிகளும் ஒருவர் விடாமல் புதுச் சபைப் பக்கம் போனார்கள். கட்டடம், நூலகம், விஞ்ஞானக் கருவிகள் எல்லாம் பழைய சபையின் சொத்து. விட்டுவிட்டு வெளியேறி, நீம்தலாவில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பெர்த்ஷயர் நிலக்காரனின் உரிமைத் தகராறுக்காக வங்காளிப் பையன்கள் பள்ளி மாற வேண்டியிருந்தது!

அரைநூற்றாண்டுக்கும் மேல் ஒரே நகரத்தில் இரண்டு ஸ்காட்லாந்துக் கல்லூரிகள் போட்டி போட்டன. 1908-ல் ஒன்றாகி, 'சபைகளின் கல்லூரி' என்று பன்மையில் பெயர் வைத்துக்கொண்டன. 1929-ல் எடின்பரோவில் சபைகளே இணைந்ததும் கொல்கத்தாவில் பெயர்ப்பலகை ஒருமைக்கு வந்தது. அதுதான் இன்றைய ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. நரேந்திரநாத் தத்தா, பிற்கால விவேகானந்தர், இங்கேதான் படித்தார். முதல்வர் வில்லியம் ஹேஸ்டி வேர்ட்ஸ்வொர்த் பாடத்தில் பரவச நிலையை விளக்கும்போது, நேரில் பார்க்க வேண்டுமானால் தட்சிணேஸ்வரத்து ராமகிருஷ்ணரைப் போய்ப் பாருங்கள் என்று சொன்னாராம். கிறிஸ்துவிடம் கூட்டிப்போக ஏற்பட்ட வகுப்பறை காளி கோயிலுக்கு வழிகாட்டியது. 1916-ல் ஓட்டன் என்ற ஆசிரியரைத் தாக்கிய விவகாரத்தில் பிரெசிடென்சி கல்லூரி வெளியே தள்ளிய சுபாஷ் சந்திர போஸுக்கும் அடுத்த ஆண்டு இடம் கொடுத்தது இக்கல்லூரியே. 1919-ல் தத்துவத்தில் முதல் வகுப்போடு வெளியேறினார். நீம்தலாவில் டஃப் எழுப்பிய கட்டடம் ஜோராபாகான் காவல் நிலையமாக நெடுங்காலம் இருந்து பாழடைந்தது. டஃபின் பள்ளியை முன்மாதிரியாக வைத்து 1837-ல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளி, வில்லியம் மில்லர் காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாகி, பின்னாளில் தாம்பரம் போனது. இந்தத் தொடரின் வாசகர்களில் சிலரேனும் அதன் பழைய மாணவர்களாக இருப்பீர்கள்.

மூலின் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்த அதே 1863-ல் டஃப் நோயோடு இந்தியாவை விட்டுப் போனார். 1878-ல் இறந்தார். எடின்பரோவில் புதைத்தார்கள்.

மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். கிராமத்தின் மூன்றாவது உறுப்பான கரேயா சாலை ஸ்காட்லாந்து இடுகாடு 1820-ல் தொடங்கியது, சுமார் ஆறு ஏக்கர். மெக்கன்சி இறந்தபோது அது திறந்து ஓராண்டுதான். ஆங்கிலேயரின் பார்க் தெருவைப்போல இங்கே பிரமிடும் மண்டபமும் குறைவு. நெட்டுக்குத்தான கற்கள், பெயர், ஊர், வயது. இரண்டு மழைக்காலமே ஒரு மனிதனின் ஆயுள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொண்ட காலம். காலராவும் காய்ச்சலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்களை வாரிக்கொண்டு போயின. பிரசவத்தில் போன பெண்களும், பெயர் வைத்த சில மாதத்தில் போன பிள்ளைகளும் ஏராளம். சில கற்கள் ஸ்காட்லாந்திலிருந்தே கப்பலில் வந்தவை. வங்காளிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளும் உண்டு.

விடுதலைக்குப் பிறகு கவனிக்க ஆளில்லை. ஆலும் அரசும் கல்லைப் பிளந்து வளர்ந்தன. காடாகிவிட்ட நிலத்தை 2008-ல் அமைந்த கொல்கத்தா ஸ்காட்டிஷ் பாரம்பரிய அறக்கட்டளை கையிலெடுத்தது. கட்டடக் கலைஞர் நீதா தாஸ் தலைமையில் புதரை வெட்டிச் சுண்ணாம்புக் காரையில் கற்களைச் சீரமைத்தார்கள். பெயர்களை எல்லாம் படியெடுத்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து குடும்ப மூதாதையரைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் சாவி.

கிராமத்துத் திருவிழாவைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. நவம்பர் 30 செயின்ட் ஆண்ட்ரூ விருந்து கொல்கத்தாவின் பெரிய விருந்துகளில் ஒன்றானது. பைக்குழல், விஸ்கி, அதற்குப் பிறகு வைஸ்ராயின் பேச்சு. 1888 விருந்தில் டஃபரின் பிரபு காங்கிரஸ்காரர்களைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுபான்மையினர் என்று ஏளனம் செய்தார். டஃபரின் ஸ்காட்லாந்துக்காரர்கூட அல்ல, அயர்லாந்துப் பிரபு. அந்த மேடையில் நின்று பேசினால் நகரத்தின் வியாபார முதலாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1829-லேயே கோல்ஃப் கிளப் அமைத்துக்கொண்டவர்கள் இந்நகரத்து ஸ்காட்லாந்துக்காரர்கள். பிரிட்டனுக்கு வெளியே இன்றுவரை இயங்கும் கிளப்புகளில் அதுவே பழையது.

அந்த முதலாளிகள் யார்? கரேயா சாலைக் கற்களிலேயே விடை தொடங்குகிறது. முற்பாதியில் படையதிகாரிகள், எழுத்தர்கள், போதகர்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு வரும்போது டண்டீ என்ற ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தொழிலும் மாறுகிறது: பொறியாளர், ஆலை மேற்பார்வையாளர், மேலாளர். 1855-ல் ஹூக்ளிக் கரை ரிஷ்ராவில் டண்டீயிலிருந்து வந்த இயந்திரங்களோடு முதல் சணல் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. திமிங்கிலக் கொழுப்பைப் பூசி வங்காளச் சணலை நூற்கக் கற்ற அந்த ஸ்காட்லாந்து நகரம், தன் தொழிலாளிகளையே அனுப்பித் தனக்குப் போட்டியைக் கட்டிக்கொண்ட கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)